தெலுங்குப் பிள்ளைகளும் தமிழ் ஏடும்

மலாயாவில் தமிழ்க் கல்வியின் வரலாறு பினாங்கில் தொடங்குகிறது. 1816-ஆம் ஆண்டில் ஹட்சிங்ஸ் பாதிரியார் ஜார்ஜ் டவுனில் நிறுவிய பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றதைத் தமிழாசிரியர் அறிவர். அதே துறைமுகத்தின் வழியே தெலுங்கரும் வந்தனர். அவர்தம் பிள்ளைகள் எம்மொழியில் எழுத்தறிந்தனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

விசாகப்பட்டினம் முதலிய வட ஆந்திரப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயாத் தமிழர் 5 லட்சத்துக்கு மேல். தெலுங்கரோ 30,000-ஐச் சற்றே தாண்டினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டுமெனக் கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தெலுங்குப் பள்ளிகள் சில எழுந்தன. பெரும்பாலான தோட்டங்களில் இருந்தது தமிழ்ப் பள்ளியே. 1955-இல் மலாயா ஆந்திர சங்கம் தோன்றியது. ஆயினும் 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்பனவே தொடக்கப் பள்ளிப் பயிற்று மொழிகளாயின. வீட்டில் தெலுங்கு பேசிய பிள்ளைகள் பலருக்கு முதல் ஏடு தமிழ் ஏடாக அமைந்தது இவ்வாறே.

அப்பிள்ளை வாசிப்பில் இடறினால் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை இரண்டு.

முதலாவது, வீட்டு மொழியின் சாயல். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவன. தமிழில் 'பால்' என்பது அங்கே 'பாலு'; 'கண்' என்பது 'கன்னு'. இன்றைய தெலுங்கில் ழகர ஒலி இல்லை. தெலுங்கில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள் இருக்க, தமிழில் ஒரே 'க' இடத்திற்கேற்ப ஒலி மாறுகிறது. ஆகவே, 'பால்' என்பதைப் 'பாலு' என்று படிக்கும் பிள்ளை எழுத்தறியாத பிள்ளையன்று. தன் தாய்மொழியின் வழியே படிக்கும் பிள்ளை.

இரண்டாவது, பிறவியிலேயே அமையும் இடர்ப்பாடு. 1896-இல் பிரிங்கில் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவிலும் கணக்கிலும் குறையில்லாத அச்சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தும் அச்சிட்ட சொற்கள் பிடிபடவில்லை. மார்கன் இதனைப் பிறவிச் சொற்குருடு என்றார். எனினும் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் வழங்கிய 'டிஸ்லெக்சியா' என்ற பெயரே நிலைத்தது. குறை கண்ணில் இல்லை. சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில்தான் உள்ளது என்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து.

நம் எழுத்துமுறையில் இதனைக் கண்டறிவது எளிதன்று. ஆங்கிலப் பிள்ளை கற்பது 26 எழுத்து. தமிழ்ப் பிள்ளைக்கு 247. தெலுங்கிலோ மெய்யின்கீழ் மெய் அடுக்கும் கூட்டெழுத்துகளும் உண்டு. தெலுங்குக்கு மிக நெருங்கிய கன்னட எழுத்தைப் பிள்ளைகள் கற்கும் முறையை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் கைவரப் பல ஆண்டுகள் ஆகின்றன என 2007-இல் காட்டினார். எனவே, முதல் வகுப்புப் பிள்ளையின் தாமதத்தை மட்டும் கண்டு குறையெனத் தீர்ப்பளித்தல் தகாது.

ஆயின் இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. இடறல் அனைத்தையும் 'வீட்டு மொழியால் வந்தது' என்று ஒதுக்கிவிட்டால், உண்மையாகவே டிஸ்லெக்சியா உடைய பிள்ளை உதவியின்றி வளரும். 'மந்தன்' என்ற பெயரையும் சுமக்கும். மலேசியாவில் 2010-இல் தொடங்கிய லினுஸ் திட்டம் இளம் பிள்ளைகளின் வாசிப்பை மலாய் மொழியில் சோதித்தது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை அத்தகைய தேர்வில் தவறினால், தவறியது மொழியா வாசிப்பா என்பதை மதிப்பெண் மட்டும் கூறாது.

இரண்டையும் பிரித்தறியும் வழி ஆசிரியரிடமே உள்ளது. ஏட்டை மூடிவைத்து, வீட்டு மொழியில் ஒரு கதை சொல்லச் செய்க. ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கி எஞ்சியதைக் கூறச் செய்க. ஒலிகளை எளிதில் பிரிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தமிழ்ப் பழக்கமே வேண்டும். கதையைத் தெளிவாகக் கூறியும், ஒலியைப் பிரிக்க இயலாமல், ஆண்டுகள் சென்றும் எழுத்துக்கூட்டியே படிக்கும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சியும் தக்கார் ஆய்வும் வேண்டும். இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவோமாயின், ஒருவருக்கேனும் அநீதி இழைத்தவராவோம்.