ஹாலேயில் அரபு அச்சு, பரங்கிப்பேட்டையில் தமிழ்க் காப்பியம்

யோஹான் ஹைன்ரிஹ் காலன்பெர்க் (1694–1760) கடலூர்ப் பக்கம் வந்தவரே இல்லை. கடல் தாண்டிய பயணம் எதுவும் அவர் வாழ்க்கையில் கிடையாது. ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் நம் கரையில் இருந்த லுத்தரன் மிஷனரிகள் முஸ்லிம்களோடு எந்த மொழியில் பேசுவது என்று யோசித்தபோது, அந்த யோசனையில் இவருக்குப் பெரிய பங்கு இருக்கு. தரங்கம்பாடி வரலாறு எழுதுகிறவர்கள் சீகன்பால்க், ஃபெப்ரிசியுஸ், சுவார்ட்ஸ் என்று போய்விடுகிறார்கள். இவரைப் பற்றித் தமிழில் அதிகம் பேச்சில்லை. அதனால் இந்தக் குறிப்பு.

ஜெர்மனியில் கோத்தாவுக்குப் பக்கத்தில் மோல்ஷ்லேபன் என்ற சின்ன ஊர் இவருடைய சொந்த ஊர். விவசாயக் குடும்பம். 1715ல் ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். அப்போதைய ஹாலே சாதாரண இடமில்லை. அங்கேதான் ஃப்ராங்கே என்ற பாதிரியார் அனாதை இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்தகம் என்று ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தார். 1702ல் கீழைமொழிகளுக்கென்றே ஒரு கல்விக்கூடமும் தொடங்கினார். எபிரேயத்தோடு அரபு, சிரியாக், எத்தியோப்பிய மொழியெல்லாம் அங்கே படிப்பு. தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பியதும், 1713ல் வந்துசேர்ந்த தமிழ் எழுத்து வார்ப்புகளைச் செய்து அனுப்பியதும் இதே ஹாலேதான்.

காலன்பெர்க்குக்கு அரபு சொல்லிக்கொடுத்தவர் ஜெர்மானியர் இல்லை. தமஸ்குவில் பிறந்த கிறிஸ்தவர் சாலமோன் நெக்ரி. அரபு தாய்மொழி, சிரியாக்கும் தெரியும். பாரிஸ், லண்டன், ரோம், ஹாலே என்று ஊர் ஊராக வேலை தேடி அலைந்தவர். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் அரபு என்றால் ஏட்டில் படிக்கிற மொழி. நெக்ரியிடம் படித்ததால் காலன்பெர்க்குக்கு அது ஜனங்கள் பேசுகிற மொழியாகத் தெரிந்தது. பிற்பாடு பேச்சு அரபு உரையாடல்களையே ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டார்.

1728ல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் மொழியில் புத்தகம் அச்சிட்டு அனுப்புவது அதன் வேலை. மதம் மாற்றுவதுதான் நோக்கம், அதை மறைக்க வேண்டியதில்லை. 1729ல் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் அரபில் வந்தது. பல்கலைக்கழகத்தில் முதலில் தத்துவப் பேராசிரியர், 1739ல் இறையியல் பேராசிரியர். ஆனால் அவர் மனசு அச்சகத்தில்தான் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். யூதர்களுக்கென்று அவர் அச்சிட்டதில் முக்கியமானது எபிரேயம் இல்லை, யித்திஷ். ஜெர்மனி யூதர்கள் எபிரேயத்தில் ஜெபம் பண்ணுவார்கள், வீட்டில் பேசுவது ஜெர்மனுக்கு நெருக்கமான யித்திஷ், எழுதுவது எபிரேய எழுத்தில். வழிபாட்டு மொழி வேறு, வீட்டு மொழி வேறு என்பது காலன்பெர்க்குக்கு நன்றாகவே தெரியும். 1733ல் யித்திஷுக்கு ஒரு கையேடே எழுதினார்.

இப்போ நம் கரைக்கு வருவோம். சென்னையில் இருந்த பெஞ்சமின் சூல்ட்ஸே, நவாபின் ஆட்களும் ஊர் முஸ்லிம்களும் பேசிய தக்கினியைக் கற்றுக்கொண்டு இலக்கணம் எழுதினார். அவர் எழுதிய இந்துஸ்தானி இலக்கணத்தை 1745ல் ஹாலேயில் அச்சிட்டவர் காலன்பெர்க். தக்கினியில் சூல்ட்ஸே பெயர்த்த வேதாகமப் பகுதிகளும் அரபு எழுத்தில் அங்கேயே அச்சாயின. சூல்ட்ஸே உழைப்பாளி, ஆனால் கூட வேலை பார்ப்பது கஷ்டம். அவரோடு ஒத்துப்போகாமல்தான் 1737ல் சர்த்தோரியுஸ், கைஸ்டர் என்ற இரண்டு மிஷனரிகள் சென்னையை விட்டுக் கடலூருக்கு வந்தார்கள். கடலூர் மிஷன் தொடங்கிய கதை இதுதான்.

கடலூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே கரைவழியில் சிதம்பரம், அதற்குக் கொஞ்சம் கிழக்கே பரங்கிப்பேட்டை. அங்கே கப்பல் வியாபாரம் செய்த மரைக்காயர்கள் வீட்டில் பேசியது தமிழ். தக்கினி இல்லை, அரபும் இல்லை. தொழுகை மட்டும் அரபில்.

அதுவும் எப்படிப்பட்ட தமிழ்! உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சீறாப்புராணமாகப் பாடினார், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். கீழக்கரை சீதக்காதிக்குப் பிறகு அதற்குத் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்பது வழிவழி வரும் செய்தி. கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியது போல உமறு இவரைக் காப்பியத்துக்குள்ளேயே பாடியிருக்கிறார். உமறு 1703ல் காலமானார் என்பார்கள். அப்போது காலன்பெர்க் ஒன்பது வயதுப் பையன். அவர் அரபு அட்சரம் தொடுவதற்கு முன்னாடியே, இந்தக் கரை முஸ்லிம்கள் தங்கள் நபியின் கதையைத் தமிழ் விருத்தத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குச் சில எழுத்துகளில் புள்ளி கூட்டி மாற்றிக்கொண்டார்கள். யித்திஷ் ஜெர்மனிக்கு எப்படியோ, அரபுத்தமிழ் நம் கரைக்கு அப்படி. காலன்பெர்க் தன் ஊர் யூதர்களிடம் கண்ட அதே ஏற்பாடு! ஹாலேயில் அரபு அச்சும் இருந்தது, தமிழ் எழுத்து வார்த்த அனுபவமும் இருந்தது. ஆனால் அவர் அச்சகத்தின் மொழிப் பட்டியலில் அரபு, யித்திஷ், தக்கினி இருக்கு, அரபுத்தமிழ் இல்லை.

இதை அவருடைய குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவருக்குத் தெரிந்த இந்தியா, கடிதங்கள் வழியாக வந்த இந்தியா. முக்கியமான கடிதங்கள் சென்னையிலிருந்து வந்தன, அங்கே முஸ்லிம் என்றால் தக்கினி பேசுகிறவர் என்று தோன்றியது நியாயம்தான். தரங்கம்பாடியின் தமிழ்ப் புத்தகங்களோ இந்துக்களையும் தமிழ்க் கிறிஸ்தவர்களையும் மனதில் வைத்தவை. இரண்டுக்கும் நடுவில் மரைக்காயர் விடுபட்டுப் போனார்.

முஸ்லிம் என்றாலே உருதுதானே என்று இன்றைக்கும் தமிழ்நாட்டிலேயே கேட்கிறவர்கள் உண்டு. ஹாலே பேராசிரியராவது ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்தார். நமக்குச் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை அரைமணி நேர பஸ் தூரம்தான்.