குறுக்கே கடப்பவர்களின் நெடுஞ்சாலை: வேலூர்–ஆம்பூர் சாலை விரிவாக்க வரலாறு

ராணிப்பேட்டையைத் தாண்டிக் கிருஷ்ணகிரி நோக்கி ஓடும் நெடுஞ்சாலைக்கு ஒதுங்கிப் போக அதிக இடமில்லை. தெற்கே ஜவ்வாது மலையும் ஏலகிரியும் நிற்கின்றன. வடக்கே ஆந்திர எல்லையோரக் குன்றுகள். நடுவிலுள்ள பள்ளத்தாக்கைப் பாலாறு, ரயில் பாதை, சாலை மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் அதே வரிசையில் அமைந்த ஊர்கள். கடந்த கால் நூற்றாண்டில் இந்தச் சாலை இருமுறை பெரிதாக அகலப்படுத்தப்பட்டது. சென்னையில் புறப்பட்ட வண்டி பெங்களூரை எவ்வளவு விரைவில் எட்டலாம் என்பதே இருமுறையும் முதற்கேள்வி. இங்கே வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் அதே சாலையை நாள்தோறும் எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. அந்தத் தாமதத்தின் காரணத்தைச் சாலையின் வரலாற்றில் தேடலாம்.

கடற்கரைச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் வழிகளுள் ஆம்பூர்க் கணவாயும் ஒன்று. 1749 ஆகஸ்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து வந்த படையை இங்கேதான் மறித்தார், போரில் உயிரிழந்தார். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் பாலாற்றை ஒட்டியே மேற்கே நீண்டு ஜோலார்பேட்டையைத் தொட்டது. சாலைக்கு மட்டும் அந்த மதிப்பு கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. தேசிய நெடுஞ்சாலை 4 ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர், கோலார் வழியாகப் பெங்களூருக்குச் சென்றது. வேலூர், ஆம்பூர் வழியாகக் கிருஷ்ணகிரியை அடைந்த சாலை, 46 என்ற எண் கொண்ட இணைப்புச் சாலையாகவே இருந்தது.

இந்தச் சாலையோர ஊர்களில் தோல் தொழிலின் போக்கு 1970களில் மாறியது. அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், பாதிப் பக்குவத்திலேயே சென்னை பெரியமேட்டுக்குப் போய்க் கப்பலேறியது. தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973 முதல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கு அளவுவரம்பு விதித்தது. அதுவரை ஐரோப்பாவில் நடந்த முடிப்பு வேலையும் தைப்பு வேலையும் பாலாற்றங்கரைக்கு வந்தன. தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்த ஊரில் ஷூ கம்பெனிகள் எழுந்தன. ஷூவின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவுகளில் பெண்கள் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டது.

சாலையைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. நீளவாக்கில் கண்டெய்னர் லாரிகள் கூடின. குறுக்குவாக்கில் ஒரு புதிய ஓட்டம் பிறந்தது: காலை ஷிப்ட்டுக்கு முன்னும் மாலை கம்பெனி விடும் நேரத்திலும் பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர்ப் பக்கக் கிராமங்களிலிருந்து வரும் பஸ்கள், வேன்கள், டூவீலர்கள், சாலையோரம் இறங்கி எதிர்ப்பக்கம் கடக்கும் பெண்கள். தோல் தொழிலுக்கும் அதன் கழிவால் மாசுபட்ட பாலாற்றுக்கும் இடையிலான கணக்கை, 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கிலும், மீண்டும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது. தொழிலுக்கும் சாலைக்கும் இடையிலான கணக்கும் அதே கவனத்தோடு எழுதப்பட வேண்டியது.

முதல் விரிவாக்கம் தங்க நாற்கரத் திட்டத்தோடு வந்தது. 1999-இல் வாஜ்பாய் அடிக்கல் நாட்டிய தேசிய நெடுஞ்சாலை வளர்ச்சித் திட்டத்தில், 5,846 கி.மீ. நீள நாற்கரத்தின் சென்னை–மும்பைப் பக்கம் சித்தூரை விட்டு ஆம்பூர் வழியைத் தேர்ந்தது. இணைப்புச் சாலை ஒரே தாவலில் நாட்டின் முதன்மைப் பாதையாகி நான்குவழியாயிற்று. பிறகு எண்ணும் 48 ஆனது. இரண்டாம் விரிவாக்கமாக, 2010 வாக்கில் வாலாஜாபேட்டை–கிருஷ்ணகிரி இடையே ஏறத்தாழ 148 கி.மீ. தொலைவை ஆறுவழியாக்கும் உரிமையை எல் அண்ட் டி துணை நிறுவனம் ஒன்று பெற்றது. பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கச்சாவடிகள் நின்றன. முதலீட்டைச் சுங்கத்தில் மீட்கும் இந்த முறையில், நெடுந்தூரம் ஓடும் வண்டியே வருமானம். குறுக்கே நடப்பவரால் சாவடிக்கு ஒரு ரூபாயும் வராது. சுரங்கப்பாதையும் நடைமேம்பாலமும் பட்டியலின் கடைசிக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும்.

வேலூரில் பழைய வழி ஆற்காடு ரோடு, சிஎம்சி மருத்துவமனை வாசல், கோட்டை, பெங்களூர் ரோடு என்று ஊருக்குள்ளேயே போனது. நெடுஞ்சாலை அதை விட்டு வடக்கே, ஊருக்கும் பாலாற்றுக்கும் நடுவே நகர்ந்தது. ஊரும் பின்தொடர்ந்து அங்கே வந்துவிட்டது. சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகம், கிரீன் சர்க்கிள் சந்திப்பு அருகே புதிய பேருந்து நிலையம். மங்களூர்ப் பக்கமிருந்து குடியாத்தம், காட்பாடி வழியாக வரும் நெடுஞ்சாலை 75, வேலூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் 38, காட்பாடி ரயில் நிலையத்துக்கு ஓடும் ஆட்டோக்கள் ஆகிய அனைத்தின் நெருக்கடியும் கிரீன் சர்க்கிளைச் சுற்றியே குவிகிறது. ஆறு வழிகள் இருந்தும் அங்கே வண்டி ஊர்வதற்குக் காரணம் அகலக் குறைவு அல்ல. நெடுந்தூர ஓட்டமும் உள்ளூர் ஓட்டமும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதுதான்.

ஆம்பூரில் நிலை இன்னும் இறுக்கமானது. நெடுஞ்சாலை நகரை இரண்டாக வெட்டிப் போகிறது. பேருந்து நிலையமும் கடைவீதியும் அதை ஒட்டியே இருக்கின்றன. ஆறுவழிப் பணி முடிந்து ஆண்டுகள் கழித்தே, நகருக்குள் நெடுந்தூர வண்டிகளைத் தூண்கள் மேல் தூக்கிச் செல்லும் மேம்பாலத்துக்கு வேலை தொடங்கியது. முதல் விரிவாக்கத்திலேயே இடம்பெற்றிருக்க வேண்டியது அது.

தாமதத்தின் விலையை எளியவர்களே கொடுத்தார்கள். 2023-இல் வாணியம்பாடியை அடுத்த வளையாம்பட்டு அருகே, சைக்கிளில் பள்ளிக்குப் போன மூன்று மாணவர்கள் கார் மோதி இறந்தனர். சிஎம்சி தன் விபத்துச் சிகிச்சைப் பிரிவை வேலூர் நகருக்குள்ளிருந்து இதே நெடுஞ்சாலையோர ராணிப்பேட்டை வளாகத்துக்கு மாற்றியிருப்பது, காயம்பட்டவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்லும்.

கிழக்கே வாலாஜாபேட்டை–பூந்தமல்லிப் பகுதியிலோ, நெடுந்தூர ஓட்டத்துக்கே உறுதி கிடைக்கவில்லை. பள்ளம் விழுந்த சாலைக்கு முழுச் சுங்கம் எதற்கு என்று கேட்ட சென்னை உயர் நீதிமன்றம், 2020 டிசம்பரில் இந்தச் சாலையின் இரண்டு சாவடிகளில் பாதிக் கட்டணமே வசூலிக்க உத்தரவிட்டது.

2022 மே 26 அன்று பிரதமர் மோடி அடிக்கல் நாட்டிய சென்னை–பெங்களூர் விரைவுச்சாலை, 262 கி.மீ. நீளத்தில் ஹோஸ்கோட்டே, பலமநேர், சித்தூர், ராணிப்பேட்டை வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடைகிறது. பழைய நெடுஞ்சாலை 4-இன் திசைக்கே முதன்மைப் போக்குவரத்து திரும்புகிறது. ஆம்பூருக்கு அதில் இடமில்லை. அந்தச் சாலை முழுமையாகும்போது ஆம்னி பஸ்களில் பலவும் சரக்கு லாரிகளில் கணிசமானவையும் பள்ளத்தாக்கை விட்டு விலகக்கூடும். ஷூ ஏற்றிய கண்டெய்னர் மட்டும் ராணிப்பேட்டை வரை பழைய சாலையிலேயே வரவேண்டும். கம்பெனி பஸ்ஸும் அதே சாலையில்தான் ஓடும். அதன் பிறகு இந்த 148 கி.மீ. சாலையை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் அதன் ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். அடுத்த சீரமைப்பின் திட்ட வரைவில் இடைவெளியின்றி இணையும் சர்வீஸ் ரோடுகள், கம்பெனி வாசல்களில் பஸ் ஒதுங்கும் இடம், ஒவ்வொரு பள்ளி வழியிலும் ஒரு சுரங்கப்பாதை ஆகியவை முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.