வருகையாளர் எண்ணிக்கை பூஜ்யமா? கூகுள் அனலிட்டிக்ஸ் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் அத்தைக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்தது நீங்கள்தான். இல்லையென்றால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உங்கள் தமிழ் மன்றத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள். ஆர்டர் வருகிறது, ஃபோன் அடிக்கிறது. ஆனால் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தால் "0" என்று காட்டுகிறது.

பதறவேண்டாம். பெரும்பாலும் தளம் நன்றாகத்தான் இருக்கும். எண்ணும் வேலைதான் எங்கோ நின்றுபோயிருக்கும்.

அதற்காக அலட்சியமாகவும் விட்டுவிட முடியாது. அடுத்த மாதம் இன்ஸ்டகிராம் விளம்பரத்துக்கு எவ்வளவு போடலாம் என்று அத்தை கேட்கும்போது நீங்கள் பார்க்கப்போவது அந்த எண்ணைத்தான். எண் தப்பு என்றால் செலவும் தப்பு.

எண்ணுவது யார்?

கடை வாசலில் ஆள் நின்று தலை எண்ணுவதுபோல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் பக்கத்தில் ஒரு சிறு நிரல் இருக்கிறது. அதை 'டேக்' என்பார்கள். பக்கத்தைத் திறப்பவரின் பிரவுசர் அந்த நிரலை இயக்கி, "இங்கே ஒருவர் வந்திருக்கிறார்" என்று கூகுளுக்குச் செய்தி அனுப்புகிறது. அதாவது வருகிறவரின் கைப்பேசியே தன் வருகையைப் பதிவுசெய்துவிட்டுப் போகிறது. அது சொல்லாவிட்டால், அவர் வந்ததே கூகுளுக்குத் தெரியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்றக் குழப்பங்களில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

பூஜ்யம் காட்டினால் முதலில் என்ன பார்ப்பது?

நேரத்தைப் பாருங்கள். டேக்கை இன்றுதான் போட்டீர்கள் என்றால், வழக்கமான அறிக்கைகள் நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். 'ரியல்டைம்' என்ற பகுதி மட்டும் கடந்த 30 நிமிடத்தில் நடந்ததைக் காட்டும்.

அதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். கணினியில் ரியல்டைம் பகுதியைத் திறந்து வையுங்கள். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறந்து இரண்டு பக்கம் சுற்றிவாருங்கள். சில நிமிடத்தில் எண் ஏறினால் டேக் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒண்ணுமே அசையவில்லையா? அப்போ டேக்கில்தான் கோளாறு.

பழைய எண்ணை ஒட்டியிருப்பது இன்னும் அடிக்கடி நடக்கும் தவறு. 'யூஏ' என்று தொடங்கும் எண் உங்கள் தளத்தில் இருந்தால் அது யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் காலத்து எண். சாதாரணக் கணக்குகளுக்கு அது 2023 ஜூலை 1ஆம் தேதியே எண்ணுவதை நிறுத்திவிட்டது. ஓராண்டு கழித்து பழைய அறிக்கைகளைப் பார்க்கும் வசதியும் போய்விட்டது. இப்போது இருக்கும் ஜிஏ4க்கு 'ஜி' என்று தொடங்கும் எண் வேண்டும். யாரோ எழுதிய பழைய வழிகாட்டியைப் பார்த்து அமைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துகிறீர்களா? தளத்தின் தோற்றத்தை அண்மையில் மாற்றினீர்களா? பழைய 'தீம்' கோப்புக்குள் டேக்கை ஒட்டியிருந்தால், தீம் மாறும்போது டேக்கும் சேர்ந்து காணாமல் போகும். தளம் அழகாக இருக்கும், எண்ணிக்கை மட்டும் ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்றுபோகும். அந்த நாளில் என்ன மாற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். கூகுளின் 'டேக் அசிஸ்டன்ட்' கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தாலும், பக்கத்தில் எந்த டேக் ஓடுகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

திடீரென்று இரட்டிப்பானால்?

எண் குறைந்தால் எல்லாரும் தேடுகிறோம். கூடினால் யாரும் கேள்வி கேட்பதில்லை! ஆனால் ஒரே டேக்கை செருகுநிரல் வழியாக ஒருமுறை, கையால் ஒருமுறை என்று இரண்டு தடவை போட்டுவிட்டால், ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்த்தாலும் இரண்டாகப் பதிவாகும். ஆள் எண்ணிக்கை அப்படியே இருக்க, பக்கப் பார்வைகள் மட்டும் இருமடங்கானால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

இன்னொரு காரணம் நீங்களே. ஒரு நாளைக்கு இருபது முறை உங்கள் தளத்தை நீங்களே திறந்து பார்த்தால் அதுவும் கணக்கில் சேரும். வீட்டு இணைய முகவரியைக் கொடுத்து அதை விலக்கும் வடிகட்டி ஜிஏ4இல் இருக்கிறது. ஆனால் அது தொடக்கத்தில் 'டெஸ்டிங்' நிலையில்தான் இருக்கும். 'ஆக்டிவ்' என்று மாற்றினால்தான் வேலை செய்யும். மாற்றிய பிறகு வருவதை மட்டும்தான் அது வடிகட்டும், பழையதைத் தொடாது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கூகுள், அமேசான், அலிபாபா ஆகியவற்றின் தரவு நிலையங்கள் இங்கேயே இருக்கின்றன. அங்குள்ள கணினிகளை வாடகைக்கு எடுத்து யாராவது தானியங்கி நிரல்களை ஓட்டினால், அவையும் "சிங்கப்பூர் வருகையாளர்" என்றே தெரியக்கூடும். தெரிந்த போட்களை ஜிஏ4 தானாக விலக்கிவிடும். தெரியாதவை நழுவி உள்ளே வந்துவிடும். அதிகாலை மூன்று மணிக்கு ஐம்பது பேர் வந்து, ஒருவர்கூட ஒரு வினாடி நிற்காமல் போனால், அது முறுக்கு வாங்க வந்த கூட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு.

அது உண்மையிலேயே அதிகாலை மூன்று மணிதானா என்றும் பாருங்கள். கணக்கு தொடங்கும்போது நேர மண்டலத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அமெரிக்க நேரத்தில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நமக்கு 15 அல்லது 16 மணி நேரம் பின்னால். சனிக்கிழமை காலை வந்த ஆர்டர்கள் வெள்ளிக்கிழமை கணக்கில் விழுந்திருக்கும்.

'டைரக்ட்' என்பது யார்?

நம் ஊரில் இதுதான் பெரிய குழப்பம் என்பேன். எங்கிருந்து வந்தார்கள் என்ற அறிக்கையில் 'டைரக்ட்' என்று ஒரு வரி இருக்கும். தள முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அதன் பொருள், "எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை" என்பதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் பகிரும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும். வாட்ஸ்அப் செயலியிலிருந்து பிரவுசருக்குத் தாவும்போது, முந்தைய இடம் எது என்ற தகவல் கூடவே வருவதில்லை. சித்தி குடும்பக் குழுவில் போட்டார், அதை அவர் தோழி கோயில் குழுவுக்கு அனுப்பினார், அங்கிருந்து நாற்பது பேர் வந்தார்கள். அறிக்கையில் அந்த நாற்பதும் டைரக்ட். பக்கத்தில் இன்ஸ்டகிராம் பத்து என்று பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு விளம்பரப் பணம் முழுவதையும் இன்ஸ்டகிராமில் போட்டால் என்ன ஆகும்? உண்மையில் ஆள் கொண்டுவந்தது சித்தி!

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இணைப்பின் கடைசியில் 'யுடிஎம்' எனப்படும் சிறு குறிப்புகளைச் சேர்க்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்புக்கு ஒரு குறிப்பு, துண்டறிக்கையில் அச்சிடும் கியூஆர் குறியீட்டுக்கு இன்னொன்று. அந்தப் பெயரில் இருக்கும் 'யு', அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் குறிக்கிறது. கூகுள் அதை 2005இல் வாங்கித்தான் அனலிட்டிக்ஸை உருவாக்கியது. குறிப்பை எழுதும்போது எப்போதும் சின்ன எழுத்தையே பயன்படுத்துங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் அது வேறு வேறாகவே எண்ணும்.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

விளம்பரத்தை நூறு பேர் கிளிக் செய்ததாக இன்ஸ்டகிராம் சொல்கிறது, அனலிட்டிக்ஸில் எழுபதுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் ஏமாற்றவில்லை. கிளிக் செய்துவிட்டுப் பக்கம் திறப்பதற்குள் திரும்பிப் போனவர்கள் இருப்பார்கள். பிரேவ் போன்ற பிரவுசரோ விளம்பரத் தடுப்பானோ வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். குக்கி வேண்டாம் என்று மறுத்தவர்களும் இருக்கலாம்.

'ஆள்' என்பதும் உண்மையில் ஆள் இல்லை, பிரவுசர்தான். கைப்பேசியில் ஒருமுறை, அலுவலகக் கணினியில் ஒருமுறை பார்த்தவர் இரண்டு பேராகத் தெரிவார். வீட்டில் நால்வர் பகிர்ந்துகொள்ளும் ஐபேட் ஒரே ஆள். பிரவுசரை அடையாளம் வைத்துக்கொள்ள அனலிட்டிக்ஸ் ஒரு குக்கியைச் சேமிக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு ஆயுள். ஆனால் ஐஃபோனின் சஃபாரியில் ஏழு நாள் அந்தப் பக்கம் வராமல் இருந்தால் குக்கி போய்விடும், அடுத்த முறை அவர் புது ஆள். அதனால் துல்லியமான தலைக்கணக்கை எதிர்பார்க்காதீர்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு அது நன்றாகவே உதவும்.

இன்றே மாற்றவேண்டிய ஓர் அமைப்பு

அட்மின் பகுதியில் 'டேட்டா ரிட்டென்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. ஆழமான ஆய்வுகளுக்கான விவரங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை அது முடிவுசெய்யும். அது தொடக்கத்தில் 2 மாதம் என்றே இருக்கும். 14 மாதம் வரை நீட்டிக்கலாம், கட்டணம் இல்லை. பொதுவான அறிக்கைகளை இது பாதிக்காது. ஆனால் போன தீபாவளிக்கு வந்தவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்று இந்தத் தீபாவளிக்கு முன் ஆராயவேண்டுமானால், இப்போதே மாற்றியிருக்கவேண்டும். அழிந்தது திரும்பாது.

கணக்குக்கு ஒரே ஒரு நிர்வாகி இருப்பதும் ஆபத்து. மன்றத்தின் முன்னாள் செயலாளர் தன் பள்ளி மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கிவிட்டுப் படிப்பு முடிந்து போய்விட்டால், அந்த மின்னஞ்சலோடு கணக்கின் சாவியும் போகும். புதிதாக ஒன்றைத் தொடங்கலாம். ஆனால் பழைய ஆண்டுகளின் விவரம் அதற்குள் வராது. இரண்டு பேரை நிர்வாகியாகச் சேர்த்து வையுங்கள், இரண்டு நிமிட வேலைதான். கைதவறி யாராவது கணக்கை நீக்கிவிட்டால், 35 நாள் அது குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குள் நிர்வாகி ஒருவர் போய் மீட்டெடுக்கலாம்.