முத்தும் பணமும்



கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் வீதியிலே, நகரை எட்டுவதற்குச் சற்று முன்னர் வருவது பாலாவிச் சந்தி. திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தம் வேறு. இது உப்பளங்களின் பாலாவி. கற்பிட்டிக்குச் செல்லும் வீதி இங்கேதான் பிரிகிறது. களப்பின் ஓரமாக வெண்ணிற உப்புக் குவியல்கள் வெயிலிலே கண்ணைப் பறிக்கும்.

இந்தக் கரைக்கு அந்நியர் வருவது புதிதன்று. அப்படி வந்தவர்கள் கையிலே எந்தப் பணத்தைக் கொண்டுவந்தார்கள்? அது இங்கே செல்லுபடியாயிற்றா? இக்கேள்விக்கு விடை தருபவர் இப்னு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர். 1344ஆம் ஆண்டிலே அவர் மாலைதீவிலிருந்து மதுரைச் சுல்தானின் நாடாகிய மஃபருக்குப் புறப்பட்டார். காற்று திசைமாறிக் கப்பலை இலங்கைக் கரைக்குத் தள்ளியது. அவர் 'பத்தாலா' என்று குறிக்கும் துறை புத்தளமே என்பர்.

அவர் விட்டுவந்த மாலைதீவிலே நாணயம் என்பது கடற்சோழி. ஒரு பொன் தீனாருக்கு 4 இலட்சம் சோழி என்பது வழக்கமான மாற்று. விலை வீழ்ந்தால் அதே தீனாருக்கு 12 இலட்சம் சோழி வரையும் கிடைக்குமாம். அங்கே மூட்டை மூட்டையாகச் சோழி வைத்திருந்தவன் செல்வந்தன். அதே மூட்டையை இன்னொரு துறையிலே இறக்கினால் அதன் கதை வேறு. வங்காளத்தார் அதற்கு அரிசி தருவர். யேமன் நாட்டாரோ கப்பலின் அடியிலே பாரத்துக்காக மணலுக்குப் பதில் அதைப் போட்டுக்கொள்வர். பணத்தின் மதிப்பு பணத்திலே இல்லை, அதை ஏற்கும் கையிலேதான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பத்தாலாவிலே அவர் கண்ட வாணிபம் இன்னொரு வகை. ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிலே குன்றாய்க் கிடந்தன. மலபாராரும் மஃபராரும் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றனர். கைம்மாறாக அரசனுக்குத் துணிமணிகளைக் காணிக்கையாகத் தந்தனர். நாணயம் கைமாறவில்லை, ஆயினும் கணக்குத் தீர்ந்தது.

அந்த அரசன் ஆரியச்சக்கரவர்த்தி. யாழ்ப்பாண இராச்சியத்தின் மன்னன் என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். நந்தியும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளை வெளியிட்டது அந்த அரசமரபே. கப்பலின் தலைவனுக்கு இந்த மன்னன்மேல் பெரும் பயம். கொடியவன், கடலோடிகளைக் கொள்ளையிடுபவன் என்று கேள்விப்பட்டிருந்தான். நடந்ததோ வேறு. பாரசீக மொழி அறிந்திருந்த மன்னன் யாத்திரிகரை அருகே இருத்திப் பேசினான். முத்துக்குளிப்பிலே எடுத்த முத்துக்களைக் காட்டி, இவற்றுக்கு நிகரானவற்றை வேறெங்கும் கண்டதுண்டோ என்று கேட்டான். இல்லை என்றதும் மகிழ்ந்து, அவற்றை அவருக்கே கொடுத்து, வேண்டியதைக் கேட்குமாறும் சொன்னான். அவர் கேட்டது பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வழித்துணை மட்டுமே. பல்லக்கு, யோகியர் நால்வர், பிராமணர் மூவர், மேலும் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என மன்னன் அனுப்பிவைத்தான். அவர் திரும்பி வரும்வரை கப்பல் தலைவனும் அரச விருந்தாளியாகவே தங்கினான்.

உள்நாட்டிலே அவர் காதில் விழுந்த ஒரு சொல் நமக்குச் சுவையானது. நூறு 'பணம்' பெறுமதியான மாணிக்கம் கிடைத்தால் அரசன் விலைகொடுத்து எடுத்துக்கொள்வான்; அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே. நூறு பணம் ஆறு பொன் தீனாருக்குச் சமம் என்று மாற்று விகிதத்தையும் எழுதிவைக்கிறார். அரபு எழுத்திலே அவர் 'ஃபனம்' என்று எழுதியது நமது தமிழ்ப் பணமே!

அந்த முத்துக்கள் என்னவாயின? பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையோரமாகச் செல்கையில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்தன. மன்னன் தந்த முத்தும் மணியும் உடையும் பறிபோக, மிஞ்சியது ஒரு காற்சட்டை மட்டுமே. கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலிலே போய் ஒதுங்கியவருக்கு ஒருவர் அங்கி தந்தார். காதியார் தலைப்பாகை தந்தார். வணிகர் ஒருவர் இன்னோர் அங்கி தந்தார். முத்து கைவிட்ட இடத்திலே மனிதர் கைகொடுத்தனர்.

இந்தப் பழங்கதையைப் பாலாவியிலே நின்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். பலருக்குச் சில நூறு ரூபாவுக்கு மேல் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை, நகைகளும் பறிக்கப்பட்டன. தாம் உழைத்த பணம் தம் நாட்டுக்குள்ளேயே செல்லாக் காசாயிற்று. அவர்களுள் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளப் பகுதிக்கே. படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியோரும் உண்டு. பாலாவியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அவர்களுக்குச் சோறும் நிலமும் முதலில் பகிர்ந்தவர்கள் இவ்வூர் மக்களே.

1344இலே வடக்கின் தமிழ் மன்னன் அந்நிய முஸ்லிம் ஒருவருக்கு முத்தும் வழித்துணையும் தந்தான். 1990இலே அதே வடக்கிலிருந்து, அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் வெறுங்கையராய் அனுப்பப்பட்டனர். வரலாறு எழுதும் கணக்கேட்டிலே இரண்டு பதிவுகளும் இருக்கின்றன. முதலாவதைப் பெருமையோடு படிக்கும் நாம் இரண்டாவதையும் படித்தே ஆகவேண்டும்.