ஒரே முகம், இரண்டு எழுத்து

மலர்க் குழுவினர் "சரித்திரக் கட்டுரை ஒண்ணு கொடுங்க சார், ஆனா ராஜா கதை வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே எழுத்துகளின் கதையை எழுதுகிறேன். நான் வசிக்கும் ரமணாசிரமம் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

செங்கம் சாலையில் கடைப் பலகை, ஆட்டோ முதுகு, தங்கும் விடுதி என்று எங்கு பார்த்தாலும் 'ஸ்ரீ'. இந்த ஸ்ரீ கணிப்பொறிக்குள் இரண்டு விதமாக இருக்கிறது. முதலில் 'ஸ்' உடன் 'ரீ' சேர்த்து அடித்துவந்தோம். 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்தும் வந்து சேர்ந்தது. அதன் ஒற்றோடு ரீ சேர்த்தாலும் பல எழுத்துருக்களில் அதே ஸ்ரீதான் திரையில் தெரியும். மயிரிழை வித்தியாசம்கூட இருக்காது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம்.

இந்த முகஜாடைத் தொல்லை நமக்குப் புதிதல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, குறில் எ, ஒ இரண்டுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் துளை விழுமே! பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இராது. ஆகவே 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் பார்வைக்கு ஒன்றுதான். போதாததற்கு, 'ர'வும் துணைக்காலும் ஒரே வடிவம். 'பரவை' என்று எழுதியிருக்கிறதா, 'பாவை'யா? எதுகை, மோனை, பொருள் எல்லாவற்றையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உ.வே.சா. போன்றவர்கள் சுவடிகளோடு பட்ட பாட்டில் இதுவும் ஒரு பங்கு.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) நெடில் ஏ, ஓ இரண்டுக்கும் தனி வடிவம் தந்தார் என்பார்கள். 'ர'வுக்கு அடியில் ஒரு சாய்கோடு சேர்ந்து அதுவும் தெளிந்தது. 1935-இல் பெரியார் 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது; ணா, றா, னா, லை, னை இன்றைய வடிவம் பெற்றன. ஐ, ஔ இரண்டையும் 'அய்', 'அவ்' என்று எழுதலாம் என்ற யோசனை மட்டும் அரசாணையில் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால் எனக்கு இப்போது ஒரு தலைவலி மிச்சம்!

எப்படி என்கிறீர்களா? ஔகாரத்தின் பின்பாதி, 'ள' எழுத்தின் அச்சு. பள்ளியில் அதைச் சற்றுச் சிறிதாக எழுதச் சொன்னார்கள். தட்டச்சில் பழகியவர்களோ ஒற்றைக்கொம்பு, எழுத்து, 'ள' என்றே அடிப்பார்கள். காகிதத்தில் ஒரு கஷ்டமும் இல்லை, படிப்பவர் புரிந்துகொள்வார். கணிப்பொறி புரிந்துகொள்ளாது. நமது சங்கத்தின் முகவரிப் பட்டியலைப் பலரும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வரிசைப்படுத்திப் பார்த்தேன். சௌந்தர்களில் சிலர் 'சோ'வுக்கு அடுத்தபடி ஒழுங்காக நின்றார்கள். மற்றவர்கள் செல்விகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார்கள்! கௌரி, கௌசல்யா பாடும் அதேதான். பெயரைப் போட்டுத் தேடினால் "இல்லை" என்று பதில் வருகிறது. ஆள் உள்ளூரிலேயே இருப்பார். அழைப்பிதழ் மட்டும் போகாது. முப்பது வருஷம் கழித்துக் கூடும் கூட்டத்துக்கு இதனாலா ஒருவர் வராமல் போவது?

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'கௌ' என்பதன் பின்னால் நின்று அழிக்கும் விசையை ஒரு தட்டுத் தட்டுங்கள். வெறும் 'க' மிஞ்சினால் சரி. 'கெ' மிஞ்சினால் அனேகமாக அங்கே உட்கார்ந்திருந்தது 'ள'தான். மொத்தமாக மாற்றும்படி இயந்திரத்திடம் சொல்லிவிடலாமே என்றார் ஒரு மாணவர். சொன்னால் வெள்ளி, தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும். ஒவ்வொரு பெயராக உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். 'ச' வரிசை வரை முடித்துவிட்டேன். மீதிக்கு இரண்டு மூன்று மாணவ மாணவியர் கை கொடுத்தால் அடுத்த அழைப்பிதழுக்கு முன் முடித்துவிடலாம்.