பட்டாளத்து லாரியும் ரெண்டு பெஞ்சும்

நாமக்கல் பக்கத்துக்காரனுக்கு லாரி பாடி கட்டுறதைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸ் வரும். டிரைவர் முகத்தை மறைக்கத் துண்டைக் கட்டிக்கிட்டு, மர ஸ்டூல் மாதிரி ஒரு சீட்டுல உட்கார்ந்து ஓட்டிட்டு வருவார். அப்புறம் பட்டறையில பலகை, ஆங்கிள், கதவு, கடைசியில பெயிண்டர் வந்து எலுமிச்சம்பழம், மயில், "அன்னை ஆசி" எல்லாம். இதெல்லாம் பார்த்து வளர்ந்தவன், லைப்சிக்ல நான் குடியிருக்கிற வீட்டுப் பின்முற்றத்தில ஒரு பழைய பட்டாளத்து லாரி பாடி இல்லாம நிக்கிறதைப் பார்த்தா சும்மா போவேனா? போய் நின்னேன். பெரியவர் கையில ஸ்பானரைக் கொடுத்துட்டார்.

வண்டி பேர் இஃபா டபிள்யூ 50. பழைய கிழக்கு ஜெர்மனியின் லாரி என்றாலே இதுதான். டபிள்யூ என்பது வடிவமைத்த ஊரான வெர்டாவ். 50 என்றால் 50 டெசிடன், அதாவது அஞ்சு டன் பாரம். ஆனா தயாரிச்சது வெர்டாவில் இல்லை, பெர்லினுக்குத் தெற்கே லுட்விக்ஸ்ஃபெல்டே என்ற ஊரில். அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. ஹிட்லர் காலத்தில் அங்கே டைம்லர் பென்ஸ் விமான எஞ்சின் செய்தது. போருக்குப் பிறகு ஸ்கூட்டர் செய்தார்கள். 1965-ல் இந்த லாரி. 1990-ல் உற்பத்தி நிற்கும்வரை 5,70,000 வண்டிகளுக்கு மேல் வெளியே வந்தன. பெரும்பகுதி ஏற்றுமதிதான். ஈராக்கும் ஈரானும் எண்பதுகளில் அடிச்சுக்கிட்டப்போ ரெண்டு பேருக்குமே இந்த லாரி போயிருக்கு. சோசலிசமா இருந்தாலும் யாவாரம் யாவாரந்தானே!

நம்ம ஊருக்கும் ஒரு தொட்டுக்கோ உறவு இருக்கு. நம்ம ராணுவத்துல ரொம்ப காலம் ஓடின சக்திமான் லாரி ஞாபகம் இருக்கா? கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சரா இருந்தப்போ, மேற்கு ஜெர்மனியின் மான் நிறுவனத்துக்கிட்ட உரிமம் வாங்கி ஜபல்பூர்ல செய்ய ஆரம்பிச்சது. இந்தப் பக்கம் டபிள்யூ 50-ன் டீசல் எஞ்சின், நார்ட்ஹவுசன் என்ற ஊரில் செய்தது, 1967-ல் 110 குதிரைத்திறனிலிருந்து 125-க்குப் போனது. எப்படி? எரிபொருளை எரிக்கும் முறைக்கு அதே மான் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி! நடுவில் பெர்லின் சுவர், ரெண்டு பக்கமும் துப்பாக்கி, ஆனா பிஸ்டனுக்கு அந்த வேலியெல்லாம் கிடையாது போல.

சரி, பாடிக்கு வருவோம். பெரியவரோடது நாலு சக்கர இழுவை உள்ள பட்டாளத்து மாடல், காத்து குறைவா பிடிக்கிற பெரிய பலூன் டயர். தரை முழுக்க மரப்பலகை. துரு எங்கே பிடிக்கும்னு எங்க ஊர்ப் பட்டறைப் பையனைக் கேட்டாலே சொல்லுவான்: பலகையும் குறுக்கு இரும்பும் ஒட்டுற இடம். தண்ணி உள்ளே போகும், வெளியே வராது. ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸ்ல நம்பர் போட்டுக் கழட்டினோம். போல்ட் ஒண்ணாவது திரும்பினாத்தானே? பாதிக்கு மேல கிரைண்டர் வெச்சு அறுத்தோம். அப்புறம் கம்பி பிரஷ், துரு நீக்கி, பிரைமர். புதுப் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் ரெண்டு தடவை. பலகைக்கு நடுவே கொஞ்சம் இடம் விடணும், மழையில ஊதும். இதை நான்தான் சொன்னேன் என்பதைச் சரித்திரம் குறித்துக் கொள்ளட்டும்.

பெயிண்டைச் சுரண்டினா மேலே ஆரஞ்சு, கீழே பச்சை. 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனியும் ஒண்ணாச்சு, கிழக்கின் ராணுவமும் இல்லாமப் போச்சு. பெரியவர் வண்டி அதுக்கப்புறம் ஏதோ நகராட்சிக்குப் போய் ஆரஞ்சு ஆயிருக்கு, குளிர்காலத்துல ரோட்டுக்கு உப்பு போட்டிருக்கு. பெரியவருக்குப் பச்சைதான் வேணும். கட்டாய ராணுவச் சேவை பதினெட்டு மாசம், அதுல முக்கால்வாசி இந்த மாதிரி வண்டியிலதான் என்றார். பாடியின் ரெண்டு பக்கமும் சிப்பாய்கள் உட்கார மடக்குப் பெஞ்சு இருக்கும். ஒரு ஜோடி தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி பெஞ்சைப் பார்த்ததும் நின்னுட்டாங்க.

1989 அக்டோபர் 9 எல்லாருக்கும் தெரியும். நிக்கோலாய் தேவாலயத்திலிருந்து கிளம்பிய கூட்டம் எழுபதாயிரம் ஆகி நகரை வளைச்சு நடந்தது, சுமார் எட்டாயிரம் போலீசும் படையும் சுடாமல் நின்றார்கள். ஆனா ரெண்டு நாள் முன்னாடி, அக்டோபர் 7, அந்த நாட்டின் நாற்பதாவது பிறந்தநாள். அன்னிக்கு லைப்சிக்கில் பலரைப் பிடிச்சு, பக்கத்து மார்க்லேபெர்க் கண்காட்சித் திடலின் குதிரை லாயத்தில் அடைச்சு வெச்சாங்க. அந்தம்மாவுக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. லாரியில ஏத்தினாங்களாம். பெஞ்சுல இடமில்லை, தரையில உட்கார்ந்து போனேன், தார்ப்பாய் மூடியிருந்ததால எங்கே போறோம்னே தெரியலைன்னாங்க. அது இதே மாடல்தானான்னு நான் கேட்கலை. கேட்கிற விஷயமா அது?

பெரியவருக்கு இந்தக் கதை தெரியாமலா இருக்கும். முப்பது வருசத்துக்கு மேல ஒரே வீடு. ஆனா கொஞ்ச நேரம் பிரஷ்ஷையே பார்த்துட்டிருந்தார். என்னைக் கேட்டா, வரலாற்றுக்காரன் மாதிரி "ஒரிஜினல்படி வெக்கணும்"னு சொல்லியிருப்பேன். அன்னிக்கு வாயைத் திறக்கலை. பட்டாளத்துக்குப் போன பையனுக்கும் ஒரு வாழ்க்கை இருந்துச்சு, ஏத்திட்டுப் போன பொண்ணுக்கும் இருந்துச்சு, வண்டி ஒண்ணுதான்.

கேபின் பச்சை ஆயிடுச்சு. பாடிக்கு அந்தம்மா சொன்னபடி ஆரஞ்சு. பார்க்கக் கண்றாவியா இருக்கு, உண்மையைச் சொன்னா. தார்ப்பாய் வாங்கலை. பெஞ்சு ரெண்டும் இன்னும் முற்றத்துச் சுவர்ல சாய்ஞ்சு நிக்குது. போன சனிக்கிழமை அதை எடுக்கப் போனப்போ, பெரியவர் "அது இருக்கட்டும், நீ டெயில் போர்டு கீலுக்கு கிரீஸ் போடு"ன்னார்.