தென்சென்னைப் புறநகரில் சன்னல் கதவுகளைச் செப்பனிடல்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தாம்பரத்திலும் அதனையொட்டிய புறநகர்ப் பகுதிகளிலும் மரச் சன்னல் கதவுகளை வீட்டிலேயே செப்பனிடும் வழக்கத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. செப்பனிட்ட தடம் கட்டட வரலாற்றுக்குரிய சான்று என்பதையும், அச்சான்று மறைந்து வருவதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சன்னல், காலதர், தச்சு, தாம்பரம், பழுதுபார்த்தல்

முன்னுரை

கட்டட வரலாறு பெரும்பாலும் கட்டிய ஆண்டையும் கட்டுவித்தவரையும் கூறுவதோடு நின்றுவிடுகிறது. கட்டிய வீடு எவ்வாறு காக்கப்பட்டது என்பது அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. வெயிலையும் மழையையும் நேரே ஏற்கும் சன்னல் கதவு அடிக்கடி பழுதாகும் உறுப்பாகும். ஆகவே வீட்டைக் காத்த முயற்சிகளின் தடங்கள் அதில் மிகுதியாகப் பதிந்துள்ளன.

சொல்லும் பொருளும்

காற்று வரும் வழி எனப் பொருள்படும் 'காலதர்' என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் பயில்கிறது. வேனிலில் தென்றலைத் தந்த சாளரங்கள் கூதிர்க்காலத்தில் இரட்டைக் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடப்பதை நெடுநல்வாடை காட்டுகிறது. 'சன்னல்' என்பதோ 'ஜனேலா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. அம்மக்கள் 16ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் குடியேறினர். பரங்கிமலையில் தேவாலயம் எழுப்பினர். பரங்கிமலை என்னும் பெயரே அத்தொடர்பைச் சுட்டும். எனவே சொல் பின்னர் வந்தது. பருவத்திற்கேற்பத் திறந்தடைக்கும் கதவு தமிழகத்தில் முன்னரே இருந்தது.

புறநகரின் வளர்ச்சி

பரங்கிமலையும் பல்லாவரமும் கம்பெனி ஆட்சிக்காலப் படைக்குடியிருப்புகள். 1931இல் சென்னைக் கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. நகரில் பணிபுரிவோர் தொலைவில் வீடு கட்டி வாழ ரயில் வழிசெய்தது. அக்கால வீட்டுச் சன்னல் மரநிலை, இரும்புக் கம்பி, இரட்டைக் கதவு ஆகியவற்றால் ஆனது. சில கதவுகளில் சாய்வான சிறு பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும்.

தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அவ்வரவு தடைப்பட்டது. பழைய கதவை எறியாது செப்பனிட்டதற்கு மரத்தின் அருமையும் ஒரு காரணமாகலாம்.

பழுதும் செப்பனும்

மரக்கதவின் ஒரு சட்டத்தின் முனை மற்றொன்றின் துளையில் நுழைந்து மரமுளையால் இறுக்கப்படுகிறது. முளையைத் தட்டி நீக்கினால் பழுதான சட்டத்தை மட்டும் மாற்றலாம். மழைநீர் தங்கும் கீழ்ச்சட்டமே பெரும்பாலும் முதலில் உளுக்கும். உளுத்த பகுதியை அறுத்தெடுத்து, அதே வகை மரத்துண்டை ஒட்டுவைப்பது தச்சர் வழக்கம்.

இதற்குத் தச்சரின் கை வேண்டும். கதவு தொங்குதல் போன்ற பழுதுகளை வீட்டாரே சரிசெய்யலாம். மேற்கீலின் திருகாணித் துளை அகன்றுவிடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். துளையில் பசை தடவிய மரக்குச்சியைச் செருகி, உலர்ந்தபின் திருகாணியை மீண்டும் முடுக்கினால் கதவு நிமிரும். ஆடும் கண்ணாடியைச் சுண்ணக்கட்டித் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த லப்பத்தால் நிலைநிறுத்தலாம்.

செப்பனிடுவதற்குப் பருவ அறிவும் இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரமேற்று உப்பும். கதவு நிலையில் சிக்கும். அப்போது மிகுதியாக இழைத்துவிட்டால், கோடையில் மரம் சுருங்கி இடைவெளி தோன்றும். ஆகவே சிக்கலுக்குரிய இடத்தைக் குறித்து வைத்து, மரம் உலர்ந்தபின் இழைப்புளி பிடிப்பதே முறை.

மாற்றம்

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, முடிச்சூர் உள்ளிட்ட பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. இத்தகைய பேரிடரில் நனைந்த ஒட்டுப்பலகைக் கதவு அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். கெட்டியான மரக்கதவை நிழலில் மெல்ல உலர்த்தி மீட்க வாய்ப்புண்டு.

எனினும் இன்று அலுமினியமும் யுபிவிசியும் மரத்தின் இடத்தைப் பெற்றுவருகின்றன. அவற்றைக் கரையான் அரிக்காது. ஆண்டுதோறும் வண்ணம் பூசும் செலவும் இல்லை. ஆனால் இரு பலகம் கொண்ட நகர்த்தும் சன்னலில் திறப்பின் பாதியளவே காற்றுக்குக் கிடைக்கிறது. உருளையோ விளிம்புப் பட்டையோ தேய்ந்தால் அதே வடிவப் பொருளைத் தேட வேண்டும். கிடைக்காதபோது முழுச் சன்னலும் மாற்றப்படுகிறது. வீட்டாரிடமும் தச்சரிடமும் இருந்த செப்பனிடும் அறிவு இவ்வாறு பயனற்றதாகிறது.

முடிவுரை

ஒரு பழைய கதவிலுள்ள ஒட்டுத்துண்டு, மாற்றிய கீல், படிந்த வண்ண அடுக்குகள் ஆகியன அவ்வீட்டின் எழுதப்படாத பதிவேடு. கதவைக் கழற்றி எறியும்போது அப்பதிவேடும் அழிகிறது. 2021இல் மாநகராட்சியாகிய தாம்பரத்தில் பழைய வீடுகள் இடிபடுவதற்கு முன் அவற்றின் சன்னல்களை அளந்து, படமெடுத்து, தச்சர் வழங்கும் சொற்களோடு ஆவணப்படுத்துதல் வரலாற்றாய்வாளரும் மொழியாய்வாளரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.